லீசிங் ஆபீஸ் அம்மணி

பொட்டோமக் ஆற்றைத் தாண்டினால் வாஷிங்டன். இக்கரையில், வர்ஜீனியா மாநிலத்தில், ஆர்லிங்டன் கவுண்ட்டி. மொத்தமே 26 சதுர மைல்; உள்ளே தனி நகராட்சி, பேரூராட்சி எதுவும் கிடையாது, கவுண்ட்டியேதான் ஊர். இந்தத் துக்கடா இடத்தில் ஒற்றைப் படுக்கையறை வீடு தேடிப் போகிறவருக்கு முதலில் தரிசனம் தரும் தெய்வம், அடுக்ககத்தை வாடகைக்கு விடும் லீசிங் ஆபீஸ் அம்மணி.

நம்மூர் ஹவுஸ் ஓனர் நினைப்பில் போகாதீர்கள். அவர் எந்த ஊர், கறி மீன் உண்டா என்று குடைந்தெடுப்பார். அம்மணி மூச்சு விடமாட்டார். இனம், மதம் பார்த்து வீடு மறுக்கக் கூடாதென்று அங்கே 1968-லேயே சட்டம் வந்துவிட்டது. குடைகிற வேலையை கிரெடிட் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டியதற்கான மதிப்பெண், பார்த்துக்கொள்ளும். "இதுவரை பத்து பைசா கடன் வாங்கியதில்லை" என்று நெஞ்சை நிமிர்த்திப் பாருங்கள், அம்மணி முகத்தில் துக்கம் விசாரிக்கும் களை வந்துவிடும். கடன் வாங்காதவனை எதை வைத்து நம்புவதாம்?

அடுத்து மாடல் வீட்டுக்கு அழைத்துப் போவார். சமையல் மேடையில் கிண்ணம் நிறைய எலுமிச்சை. தொட்டுப் பார்த்தால் பிளாஸ்டிக். சன்னலுக்கு வெளியே மரம், பறவை. "இதையே எடுத்துக்கொள்கிறேன்" என்றால், "இது வாடகைக்கு அல்ல, உங்களுடையது இதே மாதிரி இருக்கும்" என்பார். இருக்கும்தான். சன்னலுக்கு வெளியே மட்டும் குப்பைத் தொட்டி.

வாடகை எவ்வளவு என்றால் கம்ப்யூட்டரைப் பார்த்து, "இன்றைய ரேட்..." என்று ஆரம்பிப்பார். தங்கம் விலை மாதிரி தினமும் மாறும்.

"நாளைக்கு வரட்டுமா?"

"தாராளமாக வாருங்கள். நாளைக்கு நாளைய ரேட்."

சம்பளம் வாடகையைப் போல் மூன்று மடங்கு வேண்டும். விண்ணப்பக் கட்டணம் தனி, பார்க்கிங் தனி. பூனை இருந்தால் பூனைக்கும் மாத வாடகை. ஒவ்வொரு தொகையையும் கல்யாணச் சேதி போலச் சிரித்துக்கொண்டே சொல்வார். கையெழுத்துப் போட்டு முடித்ததும் எழுந்து நின்று, "கங்கிராஜுலேஷன்ஸ்!" பணத்தையும் கொடுத்துவிட்டு நாம்தான் "தேங்க்யூ" சொல்வோம்.

குடிபோன முதல் நாள் கடுகு தாளித்தவுடன் புகை அலாரம் அலறும். "பின்கட்டுச் சன்னலைத் திறந்து வைம்மா" என்று சொல்ல ஹவுஸ் ஓனர் மாமி இல்லையே என்று அப்போதுதான் தோன்றும்.

கடைசியாக ஒரு வார்த்தை. வீட்டைக் காலி செய்தால் டெபாசிட் கணக்கை 45 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பது வர்ஜீனியா சட்டம். ஆனால் கார்ப்பெட்டில் பழைய குடித்தனக்காரர் சிந்திய காபியும் உங்கள் கணக்கில் ஏறலாம். ஆகவே, பால் காய்ச்சுமுன் போனை எடுத்து மூலைமுடுக்கெல்லாம் படம் பிடித்துவிடுங்கள்.