மூன்று கல்லும் ஒரு மாப்பிள்ளையும்

குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று எண்ணிச் சொல்லத் துப்பில்லாத ஆண்பிள்ளைக்குத்தான் வெட்டவெளியில் விறகு மூட்டிச் சமைக்கும் ஆசை வருகிறது. இதற்கு விலக்கு நான் பார்த்ததில்லை. விதிக்கு நானே போதும்.

எனக்கு அந்த ஆசை யூடியூப் வழியாக வந்தது. பனிமலை, ஓடை, தாடிக்காரர் ஒருவர். வார்ப்பிரும்புச் சட்டியில் இறைச்சி வறுபடுகிறது. பக்கத்தில் கரி பிடித்த கெட்டிலில் காபி கொதிக்கிறது. பேச்சு மூச்சே கிடையாது. மனைவி, மாமியார், மச்சான் யாரும் அந்தப் படத்தில் இல்லை என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. இப்போது யோசித்தால், அந்த மனிதர் முகத்தில் இருந்த நிம்மதிக்குக் காபி காரணமாக இருக்க முடியாது என்று படுகிறது.

ஒரு வேலையில் இறங்குமுன் அதைப் பற்றி முழுக்கப் படித்துவிடுவது என் வழக்கம். வேலையில் இறங்காமலே இருக்கவும் அது உதவும். 1866இல் டெக்சாஸ் மாட்டுப் பண்ணைக்காரர் சார்லஸ் குட்நைட், பழைய ராணுவ வண்டி ஒன்றை வாங்கிப் பின்பக்கம் அலமாரி அடித்து நடமாடும் சமையலறை ஆக்கினார். சக்வேகன் என்று பெயர். மந்தை ஓட்டிப் போகும் கூட்டத்தில் தலைவருக்கு அடுத்த அதிகாரம் சமையல்காரருக்குத்தான். ராத்திரி வண்டியின் ஏர்க்காலைத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்துத் திருப்பி வைப்பதும் அவர் பொறுப்பு. விடிந்ததும் எந்தப் பக்கம் போவது என்று தெரிய வேண்டுமே. அவர்கள் குடித்தது ஆர்பக்கிள் கம்பெனிக் காபி. வறுத்த கொட்டையின் மணம் போகாமலிருக்க முட்டையும் சர்க்கரையும் பூசி விற்றார்கள். பொட்டலத்துக்குள் ஒரு பெப்பர்மிண்ட் மிட்டாய்க் குச்சியும் இருக்கும். யார் காபி அரைக்கிறீர்கள் என்று சமையல்காரர் குரல் கொடுத்தால், மிட்டாய்க்காக முரட்டு ஆட்கள் ஓடி வருவார்களாம்.

இதைச் சாப்பாட்டு நேரத்தில் விளக்கினேன். "நம்ம வீட்ல ஒருத்தி மிட்டாய் இல்லாமலே எல்லாத்தையும் அரைக்கிறா. அதையும் எங்கயாவது எழுதி வைங்க" என்றாள் மனைவி.

சட்டி வந்து இறங்கியது. அடியில் மூன்று கால், மேலே விளிம்பு கட்டிய கனத்த மூடி. கீழே கொஞ்சம் தணல், மூடிமேல் நிறையத் தணல் என்று வைத்தால் காட்டுக்குள்ளேயே ரொட்டி சுடலாம். மாமியார் அதைத் தூக்கப் பார்த்து, முடியாமல் கீழே வைத்துவிட்டு, "பழக்கினீங்களா மாப்பிள்ளை?" என்றார். தோசைக்கல்லைப் பழக்குவது அவருக்குக் கைவந்த கலை. வடிகஞ்சியை ஊற்றி ஊறவைப்பார், கழுவுவார், துடைப்பார், பாதி வெங்காயத்தை நல்லெண்ணெயில் தொட்டுத் தேய்ப்பார். மறுநாள் திரும்பவும் அதே. எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை, விஞ்ஞானம் இருந்தது. எண்ணெய் புகையும்வரை சூடேறினால் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இரும்பின்மேல் கெட்டியான பூச்சாகிவிடும். பூச்சு வேண்டும் என்றால் எண்ணெயை ஏன் மிச்சம் பிடிக்க வேண்டும் என்று தாராளமாக ஊற்றிச் சூடாக்கினேன். துடைத்தெடுத்தது போல மெல்லிசாகத் தடவினால்தான் அது இறுகும் என்ற வரி அடுத்த பக்கத்தில் இருந்தது. சட்டி ஈ பிடிக்கும் அட்டை மாதிரி ஆயிற்று. மச்சான் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை மீட்கச் சிரமப்பட்டார்.

இடம், ஏற்காடு. காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம். கோடையில் ஒரு பொறி என்னென்ன செய்யும் என்று தெரிந்தவர்கள் அந்தச் சட்டத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆகவே கொல்லைப்புறம் உள்ள வீடாகப் பார்த்து வாடகைக்குப் பிடித்து, உரிமையாளரிடம் அனுமதியும் வாங்கினோம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபிச் செடி கொண்டுவந்தார் என்பதால், இங்கே திறந்தவெளியில் காபி போடுவது ஒரு வரலாற்றுக் கடமை என்று வண்டியில் சொல்லிக்கொண்டே வந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் யாருக்கும் பதில் சொல்லும் நிலைமை இல்லை.

மூன்று கல் கிடைத்தது. விறகுதான் தகராறு. காபித் தோட்டத்தில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் கட்டைகள் கிடைத்தன, மழையில் ஊறியவை. பற்றவைத்தேன், புகைந்தது. ஊதினேன், இன்னும் புகைந்தது. மச்சான் பையன் வேலியோரம் காய்ந்து கிடந்த குச்சிகளைக் கட்டாகக் கொண்டுவந்தான். மாமியார் ஒரே பார்வையில் பிடுங்கி எறிந்தார். "அரளிடா அது! புகையே விஷம்." பிறகு, ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மஞ்சள் பையைத் திறந்தார். புறப்படும்போது அது என்ன மூட்டை, வண்டியில் இடமில்லை என்று நான் முணுமுணுத்த பைதான். உள்ளே கொட்டாங்குச்சி. நாலைந்தை உடைத்து அடுக்கி ஒரு தீக்குச்சி கிழித்தார். எரிந்தது.

இரும்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பரப்பத் தெரியாது. அலுமினியம் அதைவிட மூன்று நான்கு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். நான் சொல்லிக்கொண்டிருந்தபோதே, கொழுந்துவிட்டு எரிந்த தீயில் வைத்த கல்லில் என் தோசை அதை நிரூபித்துக்கொண்டிருந்தது. நடுவே கரி, ஓரமெல்லாம் மாவு. "கொழுந்துல வெந்நீர் வைக்கலாம் மாப்பிள்ளை. தோசைக்குத் தணல் வேணும். செத்த நேரம் சும்மா உக்காருங்க" என்றார் மாமியார். சும்மா உட்காருவதற்கா இவ்வளவு தூரம் வந்தேன்?

தணலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பருப்பு. அது வேகவே இல்லை. ஏற்காடு கடல்மட்டத்துக்குச் சுமார் 1,500 மீட்டர் மேலே இருக்கிறது. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறையும் என்பதால் தண்ணீர் இங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் எவ்வளவு விறகு போட்டாலும் ஏறாது. தப்பு பருப்பிலும் இல்லை, என்னிடமும் இல்லை, வளிமண்டலத்தில் இருக்கிறது என்றேன். "அதுக்குத்தாங்க குக்கர்னு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காங்க" என்றாள் மனைவி. குக்கரை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னது யார் என்ற விசாரணைக்குள் நான் நுழையவில்லை.

கத்தரிக்காய்ப் புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைத்ததும் என் யோசனை. புளியின் அமிலம் நான் பாடுபட்டு ஏற்றிய பூச்சைச் சுத்தமாகக் கரைத்தது. நல்லது என்று பார்த்தால், அடுத்து இரும்பிலும் கைவைத்தது. கத்தரிக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து குழம்பு மை நிறமானது. ரத்தசோகைக்கு நல்லது என்று பரிமாறினேன். யாருக்கும் ரத்தசோகை இல்லையாம்.

காபிக்காவது நான் பொறுப்பு என்று அடம்பிடித்தேன். ஃபில்டர் கிடையாது, கௌபாய் முறை. கொதிக்கும் தண்ணீரை இறக்கிப் பொடியைப் போட்டு, கொஞ்ச நேரம் விட்டு, மேலே பச்சைத் தண்ணீர் தெளித்தால் பொடி அடியில் தங்கிவிடும். காபி இறங்க 90க்கு மேல் 96 டிகிரிக்குள் சூடு போதும் என்பதால் மலைத் தண்ணீர் இதற்கென்றே கொதிக்கிறது. எல்லாம் சரி. அந்த முறைக்குக் கொரகொரப்பாக அரைத்த பொடி வேண்டும். நாங்கள் கொண்டுபோனது கும்பகோணம் பாணியில் நைசாக அரைத்துச் சிக்கரி கலந்தது. அது தங்கவில்லை. எத்தனை தண்ணீர் தெளித்தாலும் மிதந்தது. மச்சான் பொறுமையாக மென்றுவிட்டு, "காபி நல்லா இருக்குங்க அத்தான், இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம்" என்றார்.

மனைவி ஏற்கெனவே சமையலறை ஜன்னலில் ஃபில்டரைப் போட்டு வைத்திருந்தாள். மாமியார் பால் பாத்திரத்தின் அடியில் ஈரச் சாம்பலைப் பூசி, புகை ஏறாமல் தட்டால் மூடித் தணலில் காய்ச்சினார். எல்லோரும் அந்தக் காபியைக் குடித்தார்கள். நானும்தான். பிறகு அந்தப் பாத்திரத்தை அவர் ஒரு தேய் தேய்க்க, கரி சாம்பலோடு போய்விட்டது. நான் என் கெட்டிலோடு இருட்டும்வரை போராடினேன்.

அப்போதுதான் மாமியார் திண்ணையில் உட்கார்ந்தபடி சொன்னார்: "எங்க வீட்டுக்கு காஸ் வந்த அன்னிக்கு விறகடுப்பை நானே கடப்பாரையால இடிச்சேன். கண்ணு அவ்வளவு எரிஞ்சிருக்கு. நீங்க வாடகை குடுத்து ஊதுறீங்க." இதற்குக் குட்நைட்டிடமும் பதில் இருக்காது.

சட்டி இப்போது மாமியார் வீட்டில் நன்றாகப் பழகிவிட்டது; அதில் வறுக்கும் உருளைக்கிழங்கு ஒட்டுவதே இல்லை. மலைக்குக் கிளம்பும் சகோதரர்களுக்கு ஒரு விண்ணப்பம்: வண்டியில் இடம் போதாவிட்டால் இரும்பை இறக்கிவிடுங்கள், கொட்டாங்குச்சிப் பையை இறக்காதீர்கள். மாமியாருக்கு ஜன்னலோர இருக்கை கொடுங்கள்.