நாப்பத்தோராவது சீட்டு

வா கண்ணு, குந்து. வண்டிய வெயில்ல வுடாத, அப்பால உக்காரும்போது சுடும். நேத்து டீக்கடையில எல்லார் எதிர்லயும் ஒரு கேள்வி கேட்டியே, அங்கியே பதில் சொல்லியிருந்தா உன் மானம் போயிருக்கும். அதான் வூட்டுக்கு வரச் சொன்னேன்.

"நீயும் நானும் ஓட்டுப் போடாத ஒருத்தர் நம்ம ஊரு ஓட்டையே நிறுத்தினாரே தாத்தா, ரப்பர் ஸ்டாம்புக்கு இத்தினி பவரா?"ன்னு கேட்ட. நல்ல கேள்விதான். கேட்ட ஆளு மேலதான் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். 2019ல உனக்கு முத ஓட்டு. எலெக்ஷன் நின்னுபோச்சுன்னு டிவியில சொன்னதும் ராத்திரி சோறு வேணாம்னுட்ட. அந்த வருத்தம் ஓட்டுக்கா, கவருக்கான்னு நான் இன்னி வரைக்கும் கேக்கல. இப்பவும் கேக்க மாட்டேன்.

நடந்தத முதல்ல ஒழுங்கா சொல்றேன், நீ பரீட்சையில எழுதறதுக்காவது ஆவும். ஏப்ரல் 18ந் தேதி ஓட்டு. மார்ச்சு கடைசியிலயும் ஏப்ரல் பொறந்தப்பவும் வருமான வரிக்காரங்க வந்து எறங்கினாங்க. ஒரு சிமென்ட்டு குடோன்ல பாத்தா பணம். சுமாரா 11 கோடியே 48 லட்சம். வார்டு வாரியா பிரிச்சு, கட்டி, மேல பேரு எழுதி வெச்சிருந்ததா சொன்னாங்க. என் கல்யாண மொய்க் கணக்கு கூட அவ்ளோ சுத்தமா இருந்ததில்ல. யார் பணம், யார் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், அதுக்குக் கோர்ட்டு கீது. அது பழிவாங்கற வேலைன்னு சோதனைக்கு ஆளானவங்க பக்கத்துல சொன்னாங்க, அதையும் சொல்லிடறேன்.

14ந் தேதி தேர்தல் கமிஷன் டெல்லி மாளிகைக்கு எழுதிச்சு. 16ந் தேதி அப்போ ஜனாதிபதியா இருந்த ராம்நாத் கோவிந்த் கையெழுத்துப் போட்டாரு. ஓட்டுக்கு ரெண்டே நாள் இருக்கையில வேலூர் எம்.பி. எலெக்ஷன் ரத்து. பணத்துக்காக ஒரு மக்களவைத் தொகுதியோட எலெக்ஷனையே நிறுத்தினது இந்தியாவுலயே அதுதான் முதல் தடவை. தோல்லயும் பிரியாணியிலயும் பேர் வாங்கின ஊரு, இதுலயும் முதல் பரிசு வாங்கிச்சு. நின்ன ஒருத்தரு ஹைகோர்ட்டுக்குப் போனாரு, மறுநாளே தள்ளுபடி.

ஏன் ஜனாதிபதி கையெழுத்துன்னு கேப்ப. கமிஷனே நிறுத்தக்கூடாதான்னு கேப்ப. கல்யாணம் நின்னுபோச்சுன்னு யாரு சொல்லணும்? பந்தல்காரனா, சமையக்காரனா? பத்திரிகை அடிச்சவன் சொல்லணும். மக்களவை எலெக்ஷனுக்கு 'வாங்க, ஓட்டுப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுங்க'ன்னு பத்திரிகை வெக்கிறது ஜனாதிபதி. 1951ம் வருசத்துச் சட்டம். கூப்பிட்டவருக்குத்தான் வேணாம்னு சொல்ற உரிமை. ஆனா அவரா ராத்திரி கனவு கண்டு சொல்லக்கூடாது. கமிஷன் கேட்டாத்தான். அரசன் அன்று கொல்வான்னு பழமொழி சொல்லுது. நம்ம அரசன், மனு வந்து, கோப்பு நகந்து, அதுக்கப்பறந்தான் கொல்வாரு.

இதுல இன்னொரு கூத்து கீது. அதே 18ந் தேதி, அதே வேலூர் தொகுதிக்குள்ள கீற நம்ம ஆம்பூர்ல, எம்.எல்.ஏ. இடைத்தேர்தல் நடந்துச்சு. குடியாத்தத்துலயும் நடந்துச்சு. அதே பூத்து, அதே விரலு, அதே மை. எம்.பி.க்குப் போடற கை அழுக்கு, எம்.எல்.ஏ.க்குப் போடற கை சுத்தம். நான் போய் நின்னப்ப ஒரு மிஷின் தான் இருந்துச்சு. இன்னொண்ணு எங்கன்னு கேட்டேன். "அது தீட்டாயிடுச்சு பெரியவரே"ன்னான் பின்னாடி நின்ன ஒரு குறும்புக்காரன்.

அந்த இடைத்தேர்தல் ஏன் வந்துச்சு, ஞாபகம் கீதா? 2017 ஆகஸ்ட்டு 22ந் தேதி எம்.எல்.ஏ.ங்க கொஞ்சம் பேரு ஆளுநர் மாளிகைக்குப் போயி, முதலமைச்சருக்கு எங்க ஆதரவு இல்லன்னு கடுதாசி குடுத்தாங்க. நம்ம ஆம்பூர்க்காரரும் குடியாத்தத்து அம்மாவும் அந்தக் கோஷ்டிதான். ஆளுநர் வித்யாசாகர் ராவ் வாங்கி வெச்சிக்கினாரு. சட்டசபையில தலைய எண்ணுங்கன்னு சொல்லல. செப்டம்பர் 18ந் தேதி சபாநாயகர் 18 பேரையும் தகுதி இல்லன்னுட்டாரு. கிட்டத்தட்ட ஒண்ணே முக்கால் வருசம் ஆம்பூருக்கு எம்.எல்.ஏ. இல்ல. கையெழுத்துப் போட்டாலும் ஊருக்கு ஆள் இல்ல, போடாம இருந்தாலும் ஊருக்கு ஆள் இல்ல. நம்ம ஜாதகம் அப்படி.

சரி, அப்போ மேல குந்திக்கினு இருக்கிறவரு இன்னாதான் பண்ணணும்? இதப் புஸ்தகத்துல படிச்சா உனக்குத் தூக்கம் வரும். தோல் ஷாப்புல நான் பாத்ததச் சொல்றேன்.

அப்போ டிரம்மு அவ்வளவா வரல. எல்லாம் குழிதான். சுண்ணாம்புக் குழியில ஊறி, மயிரும் சவ்வும் போயி, ஆவாரம்பட்டைத் தண்ணியில கெடக்கும் தோலு. பதம் வந்துச்சான்னு எப்படிப் பாப்போம்? கழுத்துப் பக்கம் தான் தடிப்பு. அங்க ஓரமா ஒரு துண்டு அறுத்து வெளிச்சத்துல புடிப்போம். மேலயும் கீழயும் பழுப்பா இருக்கும். நடுவுல நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு தெரிஞ்சா, உள்ள இன்னும் பச்சைத் தோலு. வெளியில எவ்ளோ பளபளப்பா இருந்தாலும் அது செருப்பானா ஒரே மழையில நாறும். மேஸ்திரி அறுத்துக் காட்டுவாரு. எங்க பெரிய பாய், முதலாளியோட அப்பா, சாய்வு நாற்காலியில தஸ்பி உருட்டிக்கினு இருப்பாரு. துண்டை வாங்கி ஒரு தரம் பாப்பாரு. ஒரே வார்த்தை: "திரும்ப குழியில போடு."

அவ்ளோதான். அவரு குழியில எறங்கமாட்டாரு. பட்டை அள்ளமாட்டாரு. இந்தத் தோலு நல்ல தோலு, அந்தத் தோலு கெட்ட தோலுன்னு தீர்ப்பு சொல்லமாட்டாரு. பதம் குழியிலதான் வரணும்.

வேலூர்ல நடந்தது அதுதான். கமிஷன் ஓரத்த அறுத்துக் காட்டுச்சு, வெள்ளைக் கோடு தெரிஞ்சுது, மாளிகையில இருந்தவரு திரும்ப குழியில போடச் சொன்னாரு. 'இவர் தோத்தாரு, அவர் ஜெயிச்சாரு'ன்னு ஒரு வார்த்தை சொல்லல. அரசியல் சட்டத்துலயே அவருக்குக் குடுத்திருக்கிற வேலை கிட்டத்தட்ட அதான். மந்திரிங்க ஆலோசனை எழுதி அனுப்பினா ஒரே ஒரு தரம் 'திரும்ப யோசிங்க'ன்னு அனுப்பலாம். திரும்ப அதையே அனுப்பினா ஒத்துக்கணும். 1978ல திருத்தினது. இத எழுதிக்கோ, மார்க்கு வரும்.

ஆனா குழியில போட்டு நெறைய நாளு ஊறட்டும்னு வுட்டா இன்னா ஆவும்னும் பாத்தோமே! ஏப்ரல்ல நடக்க வேண்டியது ஆகஸ்ட்டு 5 வரைக்கும் போச்சு. நூத்தி ஒம்போது நாளு. அதுக்குள்ள தமிழ்நாட்டுல மத்த 38 பேரும் எம்.பி. ஆயி, பதவியேத்து, ஜூலையில பட்ஜெட்டும் கேட்டுட்டாங்க. வேலூர் நாற்காலி ஒண்டி தூசி தட்டாம கெடந்துச்சு. கடைசியில ஆகஸ்ட்டு 9ந் தேதி எண்ணினா, போட்டி போட்ட கதிர் ஆனந்துக்கும் ஏ.சி. சண்முகத்துக்கும் நடுவுல 8,141 ஓட்டுதான் வித்தியாசம். அதே ரெண்டு பேரு, அதே ஜனங்க. நவம்பர்ல நாம திருப்பத்தூர் மாவட்டமா ஆயிட்டோம், அது வேற கதை. நாம நகரல, மாவட்டந்தான் நகந்துச்சு.

மலேசியாவுல கீற என் மச்சானைக் கேட்டா அவன் வேற கதை சொல்லுவான். அங்க நெசமாவே ராஜா. ஒம்போது மாநில ராஜாக்கள், அஞ்சு வருசத்துக்கு ஒருத்தரு முறை வெச்சு மாமன்னரா குந்துவாங்க. 2022 நவம்பர் 19ல ஓட்டு எண்ணினா 222ல யாருக்கும் 112 வரல. மாமன்னர் சுல்தான் அப்துல்லா இன்னா பண்ணாரு? எம்.பி.ங்கள 'உங்களுக்கு யாரு பிரதமரா வேணும்'னு எழுதிக் குடுக்கச் சொன்னாரு. கூட்டணித் தலைவருங்க அன்வாரையும் முகைதீனையும் கூப்பிட்டு ரெண்டு பேரும் சேந்து ஆளுங்கன்னாரு. முகைதீன் மாட்டேன்னுட்டாரு. 24ந் தேதி மத்த ராஜாக்கள உக்கார வெச்சுப் பேசி, அன்வாரைப் பிரதமர் ஆக்கினாரு. அதோட வுடல. அடுத்த மாசமே அன்வார் சபையில நம்பிக்கை ஓட்டு எடுத்தாரு. பாத்தியா, அங்கியும் கடைசியில குழிதான்.

ஆனா அதே நாட்டுல பேராக்னு ஒரு மாநிலம். 2009ல கட்சி மாறி ஆட்சி ஆடிப்போச்சு. சபையக் கலைங்க, ஜனங்ககிட்டயே போறோம்னு மந்திரி பெசார், அதான் அங்கத்திய முதலமைச்சர், கேட்டாரு. சுல்தான் கலைக்கல. இன்னொருத்தரை நியமிச்சாரு. அப்போ சபாநாயகரா இருந்தது நம்ம தமிழ்ப் பையன், சிவகுமாரு. மண்டபத்தப் பூட்டினா என்னன்னு மார்ச்சு 3ந் தேதி மரத்தடியிலயே சபையக் கூட்டிட்டாரு! அடுத்த வருசம் கோர்ட்டு சுல்தான் பக்கந்தான் தீர்ப்பு சொல்லிச்சு. சட்டம் சரியாயிடுச்சு. மனசு ஆறலையே. அடுத்த எலெக்ஷன் வரைக்கும் ஊரு ரெண்டாவே கெடந்துச்சு. குழியில போட வேண்டியத கையாலயே தேச்சு வெளுத்தா அப்படித்தான்.

நம்ம வேலூரைப் பத்தி ஒரு சொலவடை சொல்லுவாங்களே, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறுன்னு. சாமி 1981ல திரும்ப வந்துட்டாரு. ஆத்துக்குத் தண்ணி எப்பவாவது வருது. ராஜா வரவே இல்ல. வந்த ராஜாவும் கைதியாத்தான் வந்தாரு. கண்டி நாட்டுக் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். சொந்தப் பிரதானிகளையே பகைச்சுக்கினு, எல்லாத்துலயும் தானே கை வெச்சு, கடைசியில அந்தப் பிரதானிங்களே 1815ல வெள்ளைக்காரனோட கையெழுத்துப் போட்டு நாட்டைத் தாரை வாத்தாங்க. அடுத்த வருசம் அவர வேலூர் கோட்டைக்குக் கொண்டாந்து அடைச்சாங்க. 1832ல இங்கியே காலமானாரு. பாலாத்தங்கரையில முத்து மண்டபம் கீது, போயிப் பாத்துட்டு வா. எல்லாத்துலயும் கை வெக்கிற ராஜாவுக்கு வேலூர் கோட்டை, கையெழுத்து ஒண்டி போடற ராஜாவுக்கு மாளிகையும் பென்ஷனும். எது வேணும்னு நீயே சொல்லு.

நீ கலெக்டர் ஆவப்போறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியற. ஆனா இதுங்கள மனசுல வெய்யி. நாற்காலி எவ்ளோ ஒசரமோ, பேச்சு அவ்ளோ சின்னதா இருக்கட்டும். ஓரத்த அறுத்துப் பாக்காம முடிவு சொல்லாத. ஜெயிச்சது யாருன்னு நீ சொல்லாத, எண்ணச் சொல்லு. குழியில போட்டா, எடுக்கற தேதியும் அப்பவே சொல்லு. நூத்தி ஒம்போது நாளு ஊறினா தோலே கிழிஞ்சிடும்.

எழுந்துக்காத, முக்கியமானது பாக்கி கீது.

ஒரு தடவ போனஸ் பேசறதுக்கு ஆள் எடுக்கணும்னு ஷாப்புல ஓட்டு வெச்சோம். நாப்பது பேரு. காலண்டர் தாளைக் கிழிச்சு சீட்டு, கடுக்கா கொட்டி வெச்ச டின்னு பொட்டி. எண்ணினா நாப்பத்தோரு சீட்டு. ரெண்டு கோஷ்டியும் கத்தியத் தூக்காத கொறை. ஷாப்புல கத்திக்கா பஞ்சம்? பெரிய பாய்கிட்ட ஓடினோம். அவரு டின்னைக் கவுத்துப் பாத்தாரு, சீட்டு ஒண்ணையும் பிரிக்கல. "நாப்பது ஆளுக்கு நாப்பத்தோரு ஓட்டா? கொளுத்துங்க. நாளைக் காலையில திரும்பப் போடுங்க. ஜெயிச்சது யாருன்னு எங்கிட்ட வந்து சொல்லாதீங்க." மறுநாள் சரியா நாப்பது சீட்டு வுழுந்துச்சு. சண்டை இல்ல.

பாய் அன்னிக்கி டின்னைக் கொளுத்தினாரே தவிர, அந்தச் சீட்டப் போட்ட கையத் தேடவே இல்ல. ராஜாவால அவ்ளோதான் முடியும் கண்ணு. ஓட்டைக் கொளுத்தலாம், தேதிய மாத்தலாம். கை மட்டும் அவங்கவங்க தோள்லதான் தொங்கிக்கினு இருக்கும்.

அந்த நாப்பத்தோராவது சீட்டு யாரு போட்டதுன்னு கேக்கறியா? உங்க பாட்டி காதுல வுழப்போவுது, கிட்ட வா. நான் ரெண்டு சீட்டு போட்டேன். ரெண்டுத்துலயும் என் பேரத்தான் எழுதினேன்.

மறுநாள் ஒண்ணுதான் போட்டேன். தோத்துட்டேன்.