தாம்பாளம் ஏந்தும் தலைமை

ராயபுரத்திற்கு வடக்கேயும் எண்ணூருக்குத் தெற்கேயும், கடற்காற்றையும் கரித்தூளையும் ஒருங்கே நுகர்ந்து விளங்கும் கல்லூரியின் மாட்சிமை பொருந்திய முதல்வர் அவர்களின் சமூகத்திற்கு, அக்கல்லூரியில் இளங்கலை மூன்றாம் ஆண்டு பயிலும் மாணவி ஒருத்தியின் தகப்பனும், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவனுமாகிய அடியேன் வணக்கத்துடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி தொடங்கி உச்சிப்பொழுது சாயும் வரை தங்கள் அறைவாசல் பெஞ்சில் அமர்ந்திருக்கும் பாக்கியம் எனக்குக் கிட்டியது. "யாருபா, தாம்பாளம் புடிச்சிக்கினு நின்ன பொண்ணோட அப்பாவா?" என்று தங்கள் அலுவலக உதவியாளர் வினவியபோதுதான், ஆயுட்காலமெல்லாம் கப்பல் வயிற்றிலிருந்து இரும்பு இறக்கிய எனக்கு இனி இவ்வூரில் வழங்கப்போகும் பட்டம் இன்னதென விளங்கிற்று. பிறகு உள்ளே அழைக்கப்பெற்று, நாற்காலி இரண்டு காலியாக இருந்தும் நிற்கவைக்கப்பெற்று, எனக்கு முன்பே வந்து மேசைமேல் காத்திருந்த உறுதிமொழிக் கடிதத்தில் கையொப்பமிட்டேன். என் மகள் இனிக் கல்லூரி விழாக்களில் வினா எழுப்பமாட்டாள் என்பது அதன் சாரம்.

அவள் புரிந்த அபராதத்தை நான் மறைக்கவில்லை. மாணவர் பேரவைப் பதவியேற்பு வைபவம். தலைவர், துணைத் தலைவர், செயலாளர் ஆகியோரின் திருநாமங்கள் தங்கள் திருக்கரத்தால் எழுதப்பட்டு, மாணவர்களுக்கு அந்த நிமிஷம் வரை இரகசியமாக இருந்து, மேடையில் வாசிக்கப்பட்டன. பட்டை அணிவிக்கப்பட்டது, குத்துவிளக்கு ஏற்றப்பட்டது, என் மகளுக்கோ, பேரவை உறுப்பினர் என்ற பதவியோடு, பொன்னாடையும் ரோஜா மாலையும் நினைவுப் பரிசும் வைத்த எவர்சில்வர் தாம்பாளம் ஒன்று வழங்கப்பட்டது. சிறப்பு விருந்தினர் தலைமைப் பண்பு குறித்து நெடுநேரம் உபந்நியாசம் செய்து, கேள்வி கேட்பவனே நாளைய தலைவன் என்று அருளி, யாரேனும் கேட்கலாம் என்று சபையை நோக்கினார். சபை காலைப் பார்த்தது. தாம்பாளத்தோடு நின்ற என் மகள் கேட்டாள்: "சார், நம்ம காலேஜ்ல எலெக்‌ஷன் எப்ப வைப்பாங்க? லேடீஸ் பாத்ரூம்ல மூணாவது கதவுக்குத் தாழ்ப்பாளே இல்ல. யார்கிட்ட சொல்றதுன்னு எங்களுக்குத் தெரியல."

இங்கேதான், ஐயா, தங்கள் நிர்வாக ஞானத்தை நான் வியக்கிறேன். மாணவப் பிரதிநிதியின் இரண்டு கைகளிலும் தாம்பாளத்தைக் கொடுத்துவிட்டால், கையை உயர்த்திக் கேள்வி கேட்கவும் முடியாது, மனு எழுதவும் முடியாது, விரலை நீட்டிக் குறை காட்டவும் முடியாது என்ற சூக்ஷ்மத்தை முதன்முதல் கண்டறிந்தவர் எவரோ, அவர் சாமானியர் அல்லர். அச்சாஸ்திரத்தில் ஒரே ஒரு குறை, அது வாயைக் கட்டவில்லை என்பதே. அடுத்த ஆண்டு தாம்பாளத்தின் விளிம்பைப் பல்லால் கடித்துப் பிடிக்கும் முறையைத் தாங்கள் பரிசீலிக்கலாம்.

மாணவர் தேர்தல் என்றதும் தங்களுக்கு உண்டாகும் அச்சம் காரணமற்றதன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 1965 மொழிப் போரில் மாணவர்கள் வீதிக்கு வந்ததையும், அவ்வாண்டு ஜனவரி 27-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் மாண்டதையும், இரண்டே ஆண்டுகளில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர் விருதுநகரில் பெருந்தலைவர் காமராசரையே 1,285 வாக்குகளில் வென்றதையும் அறிந்த எந்த நிர்வாகிதான் நிம்மதியாக உறங்குவார்? அன்று அந்தச் சீனிவாசனின் கையில் ஒரு தாம்பாளத்தைக் கொடுத்து நிறுத்தியிருந்தால் தமிழ்நாட்டின் சரித்திரமே வேறாக இருந்திருக்கும்.

ஆயினும் இலிங்டோ என்பவர் ஒருவர் இருந்தார். நாட்டின் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த அவர் தலைமையில் அமைந்த குழு மாணவர் தேர்தல் குறித்து 2006-ல் அறிக்கை தந்தது. உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு செப்டம்பர் 22-ல் அதை நடைமுறைப்படுத்தப் பணித்தது. கல்லூரிகள் சாதாரணமாகத் தேர்தல் நடத்த வேண்டும். சூழ்நிலை பாதகமாக உள்ள இடத்தில் மட்டும் நியமனம் செய்துகொள்ளலாம். அதுவும் ஐந்தாண்டுக்குள் தேர்தல் முறைக்கு மாறிவிட வேண்டும் என்பது அதில் கண்டது. தங்கள் கல்லூரியில் அந்த ஐந்தாண்டு இன்னும் முடியவில்லை. கடற்கரை ஓரமாதலால் காலமும் ஈரம் பட்டு நீண்டுவிட்டது போலும். வேட்பாளருக்கு 75 சதவீத வருகைப் பதிவு, பாடத்தில் நிலுவை இல்லாமை, வயது வரம்பு, அச்சிட்ட சுவரொட்டிக்குத் தடை, செலவுக்கு 5,000 ரூபாய் உச்சவரம்பு என்று அக்குழு எவ்வளவோ கட்டுகள் விதித்திருக்கிறது. ஒரு பதவியேற்பு விழாவின் பொன்னாடைச் செலவுக்குள் ஒரு தேர்தலே அடங்கிவிடும்.

தாங்கள் வெளியூரிலிருந்து வருகிறவராதலால் இந்தப் பிரதேசத்தின் சம்பிரதாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது இதோ பெரம்பூர்ப் பக்கத்தில்தான். தொழிற்சங்கத் தலைவர் எஸ். சி. சி. அந்தோணிப்பிள்ளை யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் என்பதைப் பாராமல், 1957-ல் வட சென்னை அவரை மக்களவைக்கு அனுப்பிற்று. நான் எங்கள் சங்கத் தேர்தலில் பெட்டியில் ஓட்டுப் போட்டிருக்கிறேன். ஒருமுறை நின்று தோற்றும் இருக்கிறேன். என் மனைவியின் சுயஉதவிக் குழுவில் ஊக்குநரைப் பெண்களே கூடி முடிவு செய்கிறார்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் ஓர் ஆலையின் கடற்குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். விடிந்ததும் அந்த ஆலை வாயிலில் அமர்ந்து, மூடு என்றார்கள். அவர்களில் எவரிடமும் தலைமைப் பண்புப் பயிலரங்குச் சான்றிதழ் இருந்ததாகத் தெரியவில்லை. என் மகளே 19.4.2024 அன்று வட சென்னைத் தொகுதியில் விரலில் மை வைத்துக்கொண்டவள். நாட்டை யார் ஆளலாம் என்று சொல்லத் தகுதியுள்ள அந்த விரல், கழிப்பறைத் தாழ்ப்பாளை யார் கேட்கலாம் என்று சொல்லத் தகுதியற்றதாம்.

தலைவரைத் தேர்ந்தெடுக்கும் ஆசைக்குத் தாங்கள் கல்லூரிக் கதவை அடைத்துவிட்டீர்கள். அது வெளியே போய்ப் பேருந்தில் ஏறிக்கொண்டது. தடத்துக்கு ஒரு மாணவத் தலைவன், 'ரூட் தல' என்று பெயர். அவனுக்கு வேட்புமனு இல்லை, வருகைப் பதிவு இல்லை, பதவிக்கால வரம்பு இல்லை. 'பஸ் டே' கொண்டாட்டத்துக்கு நீதிமன்றம் தடை விதித்த பிறகும் மாணவர்கள் பேருந்துக் கூரைமேல் ஏறினார்கள்; கும்மிடிப்பூண்டி இரயிலில் பட்டாக்கத்தியை நடைமேடையில் தேய்த்துக்கொண்டே போனார்கள். 2024 அக்டோபரில் சென்ட்ரல் நிலையத்தருகே வேறு கல்லூரி மாணவர்களால் அடிக்கப்பட்ட மாநிலக் கல்லூரிப் பிள்ளை ஒருவன் செத்துப் போனான். இதை எழுதும்போது எனக்கு நையாண்டி வரவில்லை. இப்படி அடித்துக்கொள்ளும் பிள்ளைகளைப் போலீஸில் பிடித்துக் கொடுக்கிறீர்கள், மாற்றுச் சான்றிதழ் கொடுத்துத் துரத்துகிறீர்கள், பெற்றவர்களை வாசலில் உட்காரவைக்கிறீர்கள். ஓட்டுப் பெட்டி ஒன்றை வைத்து, ஜெயித்தவன் பேசட்டும், தோற்றவன் அடுத்த வருஷம் வரட்டும் என்று ஒருமுறையாவது சொல்லிப் பார்த்தீர்களா? கேள்வி கேட்ட பெண்ணின் தகப்பனிடம் கையெழுத்து வாங்க உங்களுக்கு என்ன அதிகாரம்?

க்ஷமிக்க வேண்டும். கிரேன் சத்தத்தில் வாழ்ந்தவனுக்குக் குரல் தானே உயர்ந்துவிடுகிறது. தங்கள் பெருந்தன்மையில் எனக்கு ஐயமில்லை. தாம்பாளத்தை மட்டும் பறிமுதல் செய்து, அவளைக் கல்லூரியில் நீடிக்க அனுமதித்ததே அதற்குச் சாட்சி.

இக்கடிதத்தின் நகலை மாணவர்களுக்கும் அனுப்ப எண்ணினேன். அவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதி எவரும் இல்லாமையால், யார் பெயருக்கு அனுப்புவதென்று விளங்காமல் தங்களுக்கே அனுப்புகிறேன்.

நான் ஒப்பமிட்ட உறுதிமொழி, என் மகள் விழாக்களில் வினா எழுப்பமாட்டாள் என்பது மட்டுமே. அறிவிப்புப் பலகையின் முன்பும், வகுப்பறையிலும், தங்கள் அறை வாசலிலும் கேட்பதற்கு அதில் தடை இல்லை; வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன், சங்கத்தில் இருந்தவன். கல்வியாண்டு தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தேர்தல் நடக்க வேண்டும் என்பது இலிங்டோ குழுவின் கணக்கு. வரும் ஆண்டில் என் மகள் அங்கே இருக்கமாட்டாள். ஆகவே இதில் எனக்குச் சுயலாபம் ஏதுமில்லை. கல்லூரி திறந்ததும் தேதியை எழுதிப் பலகையில் ஒட்டுங்கள். அதற்கு முன்னால், இந்த வாரமே, அந்த மூன்றாவது கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போடுங்கள்.