தர நிர்ணய அமைவனத்துக்குக் கரிசல்காட்டிலிருந்து ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
இந்திய தர நிர்ணய அமைவனத்தின் தலைமைச் சமூகம்,
மானக் பவன், பகதூர் ஷா ஜாபர் மார்க், புது தில்லி.

பொருள்: எஸ்.எம்.பி.எஸ். பெட்டிகளின் மேல் அச்சிடப்படும் எண்ணுக்கு ஏதேனும் ஓர் அர்த்தம் வேண்டுதல் தொடர்பாக.

மகா கனம் பொருந்திய ஐயன்மீர்,

சுதந்திரம் வருவதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பே, 1947 ஜனவரியில், வேறொரு பெயரில் ஜனித்து, தேசியக் கொடியின் கதர் எப்படியிருக்க வேண்டும், அதன் சாயம் எவ்வளவு தாங்க வேண்டும் என்பதையே ஐ.எஸ். 1 என்ற எண்ணிட்டுத் தன் முதல் தரநிலையாக வகுத்து, 1987 முதல் இன்றைய பெயரோடு விளங்கிவரும் தங்கள் ஸ்தாபனத்தின் மீது எங்கள் ஊரில் எவருக்கும் மரியாதைக் குறைவு கிடையாது என்பதை முதற்கண் தெரிவித்துக்கொள்கிறேன். குடிக்கிற பாட்டில் தண்ணீரிலும், தலையில் கவிழ்த்துக்கொள்கிற ஹெல்மெட்டிலும், பெண்டு பிள்ளைகளின் கழுத்துச் சங்கிலியிலும் தங்கள் முத்திரையைத் தேடிப் பார்த்து நிம்மதி கொள்கிற ஜனங்கள் நாங்கள். அந்த நிம்மதியின் எல்லை எதுவரை என்று விசாரிக்கும்படி நேர்ந்ததன் விளைவே இக்கடிதம்.

விளாத்திகுளம் என்பது மழையை நம்பிப் பருத்தியும் மிளகாயும் கம்பும் உளுந்தும் விளைவித்து, மழை பொய்த்த வருஷத்தில் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி விற்று ஜீவிக்கும் கரிசல் பூமி. ஆயினும் சங்கீத ரசனைக்கு இங்கே பஞ்சம் வந்ததில்லை. ஒரே ராகத்தை நாட்கணக்கில் விஸ்தாரம் செய்ய வல்லவர் என்று பெரியவர்கள் வியந்து சொல்லும் விளாத்திகுளம் சுவாமிகள் வாழ்ந்த ஊர் இது. இப்பேர்ப்பட்ட ஊரில், பழைய கச்சேரிப் பதிவுகளையும் திரைப்படங்களையும் பேரப்பிள்ளைகளின் வீடியோக்களையும் ஒரே இடத்தில் சேர்த்துவைத்து, டி.வி.யோடு இணைத்து, சாய்வு நாற்காலியில் இருந்தபடியே ரிமோட்டால் இயக்கத்தக்க ஒரு கம்ப்யூட்டரை உதிரிபாகங்களாக வாங்கிப் பூட்டிக்கொள்ள வேண்டுமென்று ஒருவன் ஆசைப்படுவது பெருங்குற்றம் ஆகாது என்றே நம்புகிறேன். இவற்றையெல்லாம் திரையில் அழகாக அடுக்கித் தரும் மென்பொருள்கூட, 2014 வரை எக்ஸ்.பி.எம்.சி. என்றும் அதன்பின் கோடி என்றும் வழங்குவது, காசில்லாமலே கிடைக்கிறது. காசு கொடுத்து வாங்கும் பாகங்களில்தான் சங்கடம் ஆரம்பிக்கிறது.

பாகங்களில் பெரும்பாலானவை, பரீட்சிக்கத் தெரிந்தவனிடம் தம் குணத்தை மறைக்கமாட்டா. இக்காலத்து 4கே படங்கள் ஹெச்.இ.வி.சி., ஏ.வி.1 என்னும் முறைகளில் சுருக்கப்பட்டு வருகின்றனவாதலால், அவற்றை விரிக்கும் உறுப்பு பிராசஸரின் உள்ளேயே அமைந்திருந்தால் போதும். ஆறு வாட் என்று குறிக்கப்பட்ட இன்டெல் என்100 போன்ற சின்னஞ்சிறு சில்லும் திணறாமல் படம் காட்டிவிடும். ராமை ஓர் இரவு முழுவதும் சோதனை மென்பொருளிடம் ஒப்படைத்துவிட்டால் விடிவதற்குள் அதன் யோக்கியதை தெரிந்துவிடும். ஹார்டு டிஸ்க்கோ, தான் ஓடிய மணிக்கணக்கைத் தனக்குள்ளேயே குறித்துவைத்திருப்பதால், பழையதைப் புதிதென்று தலையில் கட்டப் பார்த்தால் அதுவே சாட்சி சொல்கிறது. கேபினட் தகரத்தை விரலால் அமுக்கிப் பார்த்தாலே தெரியும். இவ்விதம் ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு வழியில் பிரத்தியட்சமாகிவிட, ஒன்றே ஒன்று மட்டும் தகரப் பெட்டிக்குள் அடைபட்டு, பிரித்தால் வாரண்டி போய்விடும் என்ற ஸ்டிக்கரால் வாய் கட்டப்பட்டு, வெளியே ஒட்டிய காகிதத்தை நம்பு என்று மட்டும் சொல்லி உட்கார்ந்திருக்கிறது. அதுவே எஸ்.எம்.பி.எஸ். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைப் பக்குவப்படுத்தி மற்ற எல்லாப் பாகங்களுக்கும் படியளப்பதும் அதுதான். கெட்டுப்போகும்போது மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் கூடவே அழைத்துப் போகவல்லதும் அதுதான்.

கோவில்பட்டியில் ஒரு கடையில் இப்பெட்டிகள் வரிசையாக அடுக்கியிருக்கக் கண்டேன். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தால், முன்பக்கம் கையகல எழுத்தில் '450' என்றிருக்கிறது. பக்கவாட்டில் மூக்குக்கண்ணாடி இல்லாமல் வாசிக்க இயலாத அளவில் ஓர் அட்டவணை. அதில், புதிய கம்ப்யூட்டர்களுக்குத் தேவையே இல்லாமற்போய் வெகுகாலமான மைனஸ் ஐந்து வோல்ட்டுக்குக்கூட ஒரு வரி ஒதுக்கப்பட்டிருக்க, பிராசஸர் முதல் ஃபேன் வரை இன்று பெரும்பாலும் உண்பதான பன்னிரண்டு வோல்ட்டுக்கு நேராக 14 ஆம்பியர் என்று கண்டிருக்கிறது. பன்னிரண்டைப் பதினாலால் பெருக்கினால் 168 வாட். மற்ற வரிகளைத் தாராளமாகக் கூட்டிக்கொண்டாலும் முந்நூறைத் தொட வழியில்லை. "தம்பி, மீதி வாட்டு எங்கே?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளை கொஞ்சமும் கூச்சப்படாமல், "அண்ணாச்சி, அது வாட்டு இல்ல, மாடல் நம்பரு. எல்லாரும் 450 இருக்கான்னுதான் கேக்காக, அதான் அப்படிப் பேரு வச்சிருக்கான்" என்றார். காகிதத்தை மறுபடியும் கூர்ந்து நோக்கினேன். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வாட் என்ற சொல் எங்கும் இல்லை. சட்டப்படி பொய்யென்று சொல்ல ஓர் எழுத்துகூட அதில் கிடையாது. அது அளவன்று, திருநாமம்.

அந்தத் திருநாமத்தின் கீழே, ஐயன்மீர், தங்கள் பதிவு முத்திரையும் ஆர் என்று தொடங்கும் எண்ணோடு பளிச்சென்று விளங்கியது. 2012 அக்டோபரில் மத்திய அரசாங்கம் பிறப்பித்த கட்டாயப் பதிவு உத்தரவில் முதலில் 15 வகைப் பொருள்கள் இடம்பெற்றதையும், கம்பியில்லாக் கீபோர்டும் மின்சாரத்தில் ஓடும் கடிகாரமும் அவற்றுள் அடங்கியதையும், 2014-இல் பவர் அடாப்டர், யு.பி.எஸ்., பாஸ்போர்ட் வாசிக்கும் யந்திரம், தபால் முத்திரை குத்தும் யந்திரம் உள்ளிட்ட பிற வகைகள் சேர்க்கப்பட்டதையும் அடியேன் அறிவேன். விளாத்திகுளத்து வாசி எவரேனும் தபால் முத்திரை யந்திரம் ஒன்று வாங்க நேர்ந்தால் அரசாங்கம் அவரைக் கைவிடாது என்பதில் எங்களுக்கெல்லாம் மிகுந்த ஆறுதல்.

அந்த முத்திரைக்கு ஆதாரமான ஐ.எஸ். 13252 என்னும் தரநிலை கேட்கும் கேள்விகள் உத்தமமானவையே. தொட்டால் ஷாக் அடிக்குமா? காப்பு உறை உயர்ந்த வோல்ட்டேஜைத் தாங்குமா? ஃபேன் நின்றுபோனால் தீப்பிடிக்குமா? மனிதன் பிழைத்திருந்தால்தானே படம் பார்க்க முடியும். ஆகவே இவற்றை முதலில் கேட்டதற்குக் கைகூப்புகிறேன். ஆனால் வெளிவரும் மின்சாரம் சீராக இருக்கிறதா, கண நேரம் கரண்டு போய்வந்தால் தாக்குப்பிடிக்குமா, எத்தனை வருஷம் உழைக்கும், கையகல எழுத்திலுள்ள எண்ணுக்கும் உள்ளே இருக்கும் சரக்குக்கும் ஏதேனும் பந்துத்துவம் உண்டா என்பவை அந்தத் தரநிலையின் விஷயங்கள் அல்லவாம். முத்திரை சாட்சி சொல்வது ஒரு சங்கதிக்கு. வாங்குகிறவன் அதை நம்பிக்கொள்வது வேறு சங்கதிக்கு. இடைப்பட்ட அந்த வெளியில்தான் வியாபாரம் அமோகமாக நடக்கிறது.

எண்ணுக்கு அர்த்தம் கற்பிக்கத் தங்களுக்குத் தெரியாதென்று சொல்வதற்கும் இல்லை. தங்க நகையில் 916 என்று தாங்கள் பொறித்தால், ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம் என்று பொருள். அது நகைக்கு இட்ட செல்லப்பெயர் அன்று. 2021 முதல் ஆறு எழுத்துள்ள தனி அடையாளக் குறியும் நகைக்கு நகை இடப்படுகிறது. தங்கள் செயலியில் அதைத் தட்டினால் மாற்று இன்னதென்று தெரிந்துவிடுகிறது. அதே செயலியில் இந்தப் பெட்டியின் ஆர் எண்ணைத் தட்டினால், பதிவுபெற்ற உற்பத்தியாளர் யார், எந்த ஊர் என்பது தெரிகிறது. பெரிய எண் மெய்தானா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. எங்கள் கோவில்பட்டித் தீப்பெட்டியில் சராசரியாக இத்தனை குச்சி என்று அச்சிட்டிருந்தால், சந்தேகப் பிராணி ஒருவன் அவற்றைக் கொட்டி எண்ணிப் பார்த்துவிடலாம். வாட்டைக் கொட்டி எண்ண எங்கே போவது?

எங்கள் ஊர்ச் சர்வீஸ் கடையில் பிராணனை விட்ட பெட்டிகள் மூலையில் குவிந்து கிடக்கும். கடைக்காரர் அவற்றுள் ஒன்றைத் திறந்து காட்டினார். மின்சாரம் நுழையும் வாயிலில், இரைச்சலை வடிக்கும் காயில் இருக்க வேண்டிய இடத்தை போர்டில் படமாகவே வரைந்து 'எல்1' என்று எழுதியும் இருக்கிறார்கள். காயிலுக்குப் பதிலாக அங்கே ஒரு துண்டுக் கம்பி ஈயப்பற்று வைக்கப்பட்டிருக்கிறது. உஷ்ணத்தை உறிஞ்ச வேண்டிய அலுமினியம் பிளேடு கனத்தில் இருக்கிறது. கப்பாசிட்டர்களின் தலை உப்பி, ரசம் கசிந்து காய்ந்திருக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் கையில் தூக்கிப் பார்த்துக் கனமானதை வாங்குவது வழக்கம் என்றும், ஆனால் பவர் பேங்குக்குள் மணலை நிரப்பி எடை காட்டிய சாமர்த்தியசாலிகள் உள்ள உலகில் அதுவும் பூரண பிரமாணம் ஆகாது என்றும் அவர் சொன்னார். கப்பாசிட்டர் கெட்டால் பெரிய கம்பெனிகளும் ஆடிப்போகும்: 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கெட்ட ரசம் நிரம்பிய கப்பாசிட்டர்கள் உலகமெங்கும் மதர்போர்டுகளில் உப்பி வெடித்தபோது, டெல் கம்பெனி 2005-இல் அதற்காக 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று. எங்கள் ஊர்க்காரருக்கு ஒதுக்க யார் இருக்கிறார்கள்?

சீதோஷ்ணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 2004-இல் தோன்றிய 80 ப்ளஸ் என்னும் சிக்கன முத்திரை, ஐந்தில் ஒரு பங்கு, பாதி, முழுமை ஆகிய மூன்று பளுவிலும் நூற்றுக்கு எண்பதேனும் பயன்படுகிறதா என்று சோதித்துத் தரப்படுவது. சோதனை அறையின் உஷ்ணம் 23 டிகிரி. சித்திரை வைகாசியில் 23 டிகிரியை நாங்கள் கனவில் கண்டால்தான் உண்டு. கப்பாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் பாதியாகக் குறையும் என்பது இத்தொழிலில் எல்லோரும் கொண்டுள்ள கணக்கு. ஆகவே 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறித்த கப்பாசிட்டர் 55 டிகிரியில் சுமார் 64,000 மணி நேரம் வாழ, 85 டிகிரி என்று குறித்ததோ 16,000 மணியில் விடைபெற்றுவிடும். விலை வித்தியாசம் சொற்பம். மலிவுப் பெட்டியில் நுழைவது எது என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. இத்தோடு ஆடிக் காற்றில் எழும் கரிசல் புழுதியும் மூட்டத்துக் கரித்தூளும் ஃபேனுக்குள் போய்ப் படிந்துகொள்ளும். மேற்கே கயத்தாற்றுக் காற்றாலைகளும், வடகிழக்கே கமுதியில் 2016-இல் எழுந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையமும், தெற்கே தூத்துக்குடியின் 1,050 மெகாவாட் அனல்மின் நிலையமும் சூழ்ந்திருக்க, நடுவே குடியிருக்கும் நாங்கள், காட்டில் மோட்டார் போடும் வேளையில் ட்யூப் லைட் கண் சிமிட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 230 வோல்ட் என்று ஏட்டில் இருப்பதும் ஒருவேளை மாடல் நம்பர்தானோ என்னவோ.

இத்தனைக்கும், எனக்கு 450 வாட் தேவையே இல்லை என்பதுதான் இதில் விசேஷம். கிராபிக்ஸ் கார்டு போடாத, படம் மட்டும் காட்டுகிற கம்ப்யூட்டர் நூறு வாட்டுக்குள் அடங்கிவிடும். இருநூறு வாட் என்று எழுதி இருநூறையும் கொடுக்கிற சிறிய, யோக்கியமான பெட்டி ஒன்று கிடைத்திருந்தால் மகிழ்ச்சியோடு வாங்கியிருப்பேன்; கடைகடையாய் விசாரித்தும் கிடைக்கவில்லை. காரணம் மிக எளிது: 168-க்கு 450 என்று பெயர் சூட்ட முடியும்போது, 200-ஐ 200 என்று எழுதுகிற அசட்டு முதலாளியின் சரக்கை யார் சீந்துவார்கள்? முதலில் ஒருவன் எண்ணைப் பெருக்கினான். போட்டிக்கு மற்றவர்களும் பெருக்கினார்கள். உண்மையை எழுதுகிறவன் பலவீனமான சரக்கை விற்பவனாகக் காட்சியளிக்கலானான். பொய் எண் வாங்குகிறவனை ஏமாற்றுவதோடு நில்லாமல், மெய் எண்ணை அச்சிடத் துணிந்தவனைச் சந்தையை விட்டே விரட்டிவிடுகிறது. ஆளைக் கொல்லாத பொருளும் யோக்கியனைக் கொல்லும் என்பதைத் தங்கள் தரநிலைக் குழுக்கள் ஆலோசிக்க வேண்டும் என்பதே அடியேன் சொல்ல வந்த விஷயம்.

ஆகவே தங்கள் சமூகத்தில் நான் வைக்கும் பிரார்த்தனைகள் மூன்று.

ஒன்று: எண் என்பது வெறும் பெயர்தான் என்ற கொள்கை நிலைத்துவிட்டதாயின், அது இரு தரப்புக்கும் பொதுவாதல் வேண்டும். எழுநூறு ரூபாய் விலைக்கு, 'எழுநூறு' என்று நாமகரணம் செய்யப்பெற்ற முந்நூறு ரூபாயைக் கடைக்காரரிடம் கொடுக்கும் உரிமையை வாங்குகிறவனுக்கும் அருள வேண்டும்.

இரண்டு: தங்கள் பரிசோதனைச் சாலைகளில் ஒன்றைச் சித்திரை வைகாசி மாதங்களில் மட்டுமேனும் விளாத்திகுளத்துக்கு மாற்ற வேண்டும். தகரக் கூரை வேய்ந்த பருத்திக் கிட்டங்கி ஒன்று தயாராக இருக்கிறது. உஷ்ணமும் புழுதியும் வோல்ட்டேஜ் ஏற்ற இறக்கமும் இலவசம். விஞ்ஞானிகளுக்கு நீர்மோரும் கருப்பட்டிக் காப்பியும் எங்கள் பொறுப்பு.

மூன்று: 45 டிகிரி உஷ்ணத்தில், பன்னிரண்டு வோல்ட்டில், நிற்காமல் எத்தனை வாட் தரும் என்ற ஒரே ஒரு வரியை, மாடல் நம்பர் எந்த அளவு எழுத்தில் உள்ளதோ அதே அளவு எழுத்தில் பெட்டியின் மேல் அச்சிடும்படி விதிக்க வேண்டும்.

மூன்றும் அசாத்தியம் எனில் வற்புறுத்தேன். முத்திரையின் பொருளையேனும் அதன் அடியில் எங்கள் பாஷையில் அச்சிட்டுவிட்டால் போதும்: "இது உங்களைக் கொல்லாது, மற்றதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்."

இங்ஙனம்,
தங்கள் முத்திரையில் இன்னமும் நம்பிக்கை இழக்காத,
விளாத்திகுளத்து வாசி ஒருவன்