ஜன்னல் மாமா பதில்கள்

கே: ஜன்னலைச் சாத்திய பிறகும் குளிர்காற்று வருகிறது. எந்த இடுக்கு என்று பிடிபடவில்லையே? (ஊட்டி வாசகி)

ப: காற்று வீசும் நேரம் பார்த்து ஊதுபத்தி ஏற்றுங்கள். சட்டத்தின் ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். புகை எங்கே தலைசாய்க்கிறதோ அங்கேதான் திருடன். அதற்குமுன் திரைச்சீலையைக் கழற்றிவிடுங்கள், தாயே!

கே: 1 மி.மீ. சந்துக்கு இவ்வளவு அலட்டலா?

ப: நாலடிக்கு நாலடி ஜன்னல். சுற்றளவு 16 அடி. சுற்றிலும் 1 மி.மீ. என்றால் கிட்டத்தட்ட 49 சதுர செ.மீ. அதாவது 7-க்கு 7 செ.மீ. ஓட்டை. காப்பி டம்ளரே நுழையும். அதைச் சுவரில் பார்த்திருந்தால் அன்றே கொத்தனாரைக் கூப்பிட்டிருப்பீர்கள்.

கே: மழைக்காலத்தில் மரக்கதவு சிக்கியது, இழைத்தோம். இப்போது இடைவெளி விடுகிறதே?

ப: ஈரம் குடித்தால் மரம் அகலவாக்கில் உப்பும். ஐப்பசியில் இழைத்தால் சித்திரையில் சந்து! அடுத்தமுறை உளியைத் தொடுமுன் கீல் திருகுகளை முடுக்கிப் பாருங்கள். தொங்கும் கதவும் சிக்கும். இப்போதைக்கு, கதவு வந்து அமரும் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். பழைய பெயின்ட் பொருக்கைச் சுரண்டி, துடைத்து, காய்ந்தபின் ஒட்டவேண்டும். தூசிமேல் ஒட்டினால் பட்டை தூசியோடுதான் குடித்தனம் நடத்தும்.

கே: ஆடிக்காற்றில் அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல் விசிலடிக்கிறது. அடித்தடத்தில் இருந்த ஓட்டைகளைச் சிலிக்கான் வைத்து அடைத்தும் நிற்கவில்லை. (கம்பம் வாசகர்)

ப: அடப்பாவி மனுஷா, அது மழைநீர் வடியும் வாசல்! இன்றே சுரண்டி எடுங்கள். விசிலுக்குக் காரணம், கதவோரத்தில் பிரஷ் போல இருக்கும் பட்டை தேய்ந்தது. கடையில் 'வுல் பைல்' என்று கேளுங்கள். பழையதில் ஒரு துண்டு கையோடு கொண்டுபோங்கள். வாயால் அளவு சொன்னவர் கடைக்கு இரண்டுமுறை நடப்பார்.

கே: எல்லா இடுக்கையும் அடைத்தாயிற்று. உள்ளே கரிச்சட்டி வைத்துக் குளிர்காயலாமா? (கொடைக்கானல்)

ப: கூடவே கூடாது. இதில் எனக்கு விளையாட்டில்லை. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவரை எழுப்பாமலே கொண்டுபோய்விடும். ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்தாலும் நம்பாதீர்கள். கம்பளி உள்ளே, கரி வெளியே.

கே: ஜன்னல் தமிழா?

ப: போர்த்துக்கீசியர் விட்டுப்போன 'ஜனெலா'. நம் பழஞ்சொல் காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஆங்கில 'விண்டோ'வும் பழைய நார்ஸ் மொழியில் 'காற்றின் கண்'தான். இரண்டு மொழியிலும் பட்டா காற்றின் பேரில்!

கே: வாடகை வீடு. எதை ஒட்டினாலும் வீட்டுக்காரர் முறைக்கிறார்.

ப: பழைய பருத்திப் புடவையை நீளப் பையாகத் தைத்து, காய்ந்த மணல் நிரப்பி, ஜன்னலின் அடியோரம் கிடத்துங்கள். ஆணி இல்லை, பசை இல்லை. காலி செய்யும் நாளில் அவர் காற்றை அவருக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம்.