மூன்று கோடுகளின் முடிவிடம்: மன்னார்புரம் ஜெராக்ஸ் கடையை முன்வைத்து ஓர் ஆய்வு

மாணவர் போர்ட்டல் செயலியை ஆராய்வோர் எல்லாரும் அதற்குள் நுழைந்துதான் ஆராய்கிறார்கள். பந்தியில் இடம் கிடைத்தவரிடம் போய்க் கூட்டம் எப்படி என்று கேட்பதற்குச் சமம் அது. ஆகவே இவ்வாய்வின் களம் செயலிக்கு வெளியே, திருச்சி மன்னார்புரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசல். காலம், பருவத் தேர்வுக்கு முந்தைய வாரம். கருவிகள், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் இரண்டு டீயும். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்வதற்கில்லை. சொன்னால் மற்றவை தப்பித்துக்கொள்ளும்.

செயலியின் இடது மேல்மூலையில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கோடுகள் கிடக்கின்றன. மேல்நாட்டார் இதை ஹாம்பர்கர் என்பர். நம் மாணவர் வழக்கு, ‘அந்த மூணு கோட்ட அமுக்கு’. வலது மேல்மூலையில் மூன்று புள்ளிகள் செங்குத்தாக நிற்கின்றன. படுத்த கோடுகள் சைவம், நிமிர்ந்த புள்ளிகள் வைணவம் என்று கொண்டு, திருவானைக்காவலும் ஸ்ரீரங்கமும் ஒரே தீவில் இருப்பதைச் சான்றுகாட்டி முதலில் ஓர் இயல் எழுதினேன், நெறியாளர் அடித்துவிட்டார். கோடுகளின் உண்மை வரலாறு வேறு. 1981இல் வெளிவந்த ஸ்டார் என்னும் கணினிக்காக நார்ம் காக்ஸ் என்பவர் வரைந்தவை அவை. அந்தக் கணினியைச் செய்த கம்பெனி, ஜெராக்ஸ். அங்கே பிறந்த கோடுகள் நாற்பது சொச்சம் ஆண்டுகள் உலகைச் சுற்றிவிட்டு மன்னார்புரத்து ஜெராக்ஸ் கடையில் வந்து இறங்கியிருப்பதைத் தற்செயல் என்று ஒதுக்க மனம் வரவில்லை.

முதன்மைத் தரவு இது. மாலை ஐந்தரை மணி. கல்லூரிப் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு, கண்ணாடி விரிசல்விட்ட போனோடு ஒரு பெண் வருகிறாள்.

“அண்ணா, ஹால் டிக்கெட் வரமாட்டேங்குது.”

“ஃபீஸ் கட்டிட்டியாம்மா?”

“கட்டிட்டேண்ணா. அது எங்க இருக்குன்னே தெரியல.”

“ரெஜிஸ்டர் நம்பர் சொல்லு. பாஸ்வேர்டு டேட் ஆஃப் பர்த்துதானே?”

(தகவல் பாதுகாப்பு பயில்வோர் மேற்கண்ட வரியைத் தாண்டிச் செல்க.) பிரிண்டர் இருமிவிட்டுச் சூடான தாளைத் தள்ளியது. சுவரில் தொங்கிய அட்டையில் கண்டபடி இருபது ரூபாய். திரையில் கோப்பின் பெயர் ‘ஹால்டிக்கெட் (47)’. அடைப்புக்குறியை நம்பினால், அவளுக்கு முன் நாற்பத்தேழு பேர் இதற்காகவே வந்து போயிருக்கிறார்கள்.

அண்ணன் கேட்டவை மூன்றே கேள்விகள். செயலியிலோ மூன்று கோடு, அகாடெமிக்ஸ், எக்ஸாமினேஷன், கரண்ட் செமஸ்டர், ரிப்போர்ட்ஸ் என ஐந்து வாசல் கடந்தால்தான் ஆறாவதில் ஹால் டிக்கெட். ஆழம் குற்றமன்று. ஸ்ரீரங்கத்தில் ஏழு சுற்று உண்டு; ஆனாலும் வழிதவறித் தவிப்பவர் குறைவு. அடையவளஞ்சான், சித்திரை வீதி, உத்திர வீதி என்று நிற்கும் இடத்தின் பெயரே எத்தனையாவது சுற்று என்று சொல்லிவிடும். செயலியில் எந்தத் திரைக்குப் போனாலும் தலையில் பல்கலைக்கழக முத்திரைதான் இருக்கிறது, திரையின் பெயர் இல்லை. பின்னால் போகலாம் என்றால் லாக் அவுட். அரிஸ்டோ மேம்பாலத்தில் மன்னார்புரம் பக்கத்துக் கை, ராணுவ நிலம் கிடைக்காமல் பல ஆண்டுகள் அந்தரத்தில் நின்றது நினைவிருக்கலாம். அதில் யாரையும் ஏறவிடவில்லை என்பது அந்தப் பாலத்தின் பெருந்தன்மை.

இனி கட்டைவிரல். 2013இல் ஸ்டீவன் ஹூபர் தெருவிலும் பேருந்திலுமாக 1,333 பேரைக் கவனித்து, திரையைத் தொட்டுக்கொண்டிருந்தவர்களில் 49 சதவீதம் பேர் ஒரே கையால் போனைப் பிடித்து இயக்குவதாக எழுதினார். மற்றக் கை என்ன செய்கிறது என்பதைச் சத்திரம் டவுன் பஸ்ஸில் ஏறியவருக்கு விளக்க வேண்டியதில்லை. வலக்கைக் கட்டைவிரலுக்கு மிகத் தொலைவான இடம் இடது மேல்மூலை. கோடுகளை அங்கேதான் வைத்திருக்கிறார்கள்.

மாவட்டம் தேர்ந்தெடுக்கும் பட்டியல் தனி ஆய்வுக்கு உரியது. தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களில் ‘திரு’ என்று தொடங்குபவை ஏழு. ஆங்கிலத்தில் சில ‘டி’யிலும் சில ‘டிஎச்’சிலும் கிடக்க, விரல் ஒரு நூல் சறுக்கினால் திருச்சிக்காரர் திருவாரூர்க்காரர் ஆகிறார். அடுத்த பெட்டி, ‘லாஸ்ட் நேம்’. குடும்பப் பெயர் இல்லாத நம் பிள்ளைகள் அதில் இனிஷியலைப் போடுகிறார்கள். ஓர் எழுத்துப் போதாது என்று செயலி மறுக்கிறது. அப்பா பெயரை முழுதாகப் போட்டால் ஹால் டிக்கெட்டில் அப்பாவும் பரீட்சை எழுத வந்துவிடுகிறார்.

‘சம்திங் வென்ட் ராங்’ என்னும் சூத்திரத்துக்கு மூன்று உரைகள் கிடைக்கின்றன. சர்வர் படுத்துவிட்டது என்பது மாணவர் உரை. உன் நெட் சரியில்லை என்பது அலுவலக உரை. ‘மறுபடி அமுக்கு’ என்பது அண்ணன் உரை. இளம்பூரணரை நச்சினார்க்கினியர் மறுத்ததுபோல ஒருவரையொருவர் மறுப்பர். செய்தவர் யார், தவறியது எது, இரண்டும் மூலத்தில் இல்லை. பிழைச் செய்தி எளிய மொழியில் கோளாறையும் சொல்லி, தீர வழியும் சொல்ல வேண்டும் என்பது யாக்கோப் நீல்சன் 1994இல் தொகுத்த பத்து விதிகளில் ஒன்று. ‘ஃபீஸ் பாக்கி இருக்கிறது, கட்டினால் ஹால் டிக்கெட் வரும்’ என ஒரு வரி போதும். உரையாசிரியர்கள் மூவரும் வீட்டுக்குப் போகலாம்.

என் பரிந்துரை ஒன்றே. வைகுண்ட ஏகாதசியன்று கூட்டம் எந்த வாசலுக்கு வரும் என்று ஸ்ரீரங்கத்தில் யாருக்கும் ஐயமில்லை; வரிசையும் தடுப்பும் அதற்கேற்றபடிதான். செயலியும் தேர்வு வாரத்தில் ஹால் டிக்கெட், பிறகு ரிசல்ட், பருவத் தொடக்கத்தில் ஃபீஸ் என்று முதல் திரையை மாற்றி, அந்தப் பொத்தானைக் கட்டைவிரல் எட்டும் அடிப்பகுதியில் பெரிதாக வைக்கலாம். வாசலில் நிற்பவரின் முகத்தைப் பார்த்தே எது வேண்டும் என்று அண்ணன் கண்டுபிடித்துவிடுகிறார். செயலிக்கு நாட்காட்டியாவது தெரிந்தால் சரி.

கட்டுரை முடியும் தறுவாயில், செயலியைப் புதுப்பித்துவிட்டதாக மாணவர்களுக்குக் குறுஞ்செய்தி வந்தது. கடைக்கு ஓடினேன். மூன்று கோடுகளும் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாறியிருந்தன. அண்ணன் ஸ்டூல்மேல் ஏறி அட்டையைக் கழற்றி, 20ஐ அடித்துவிட்டு 30 என்று எழுதிக்கொண்டிருந்தார்.