மாப்ளே, முதல்ல அந்த சர்ட்டிபிகேட்டைக் காட்டச் சொல்லு

மாப்ளே, உங்க கூட்டம் என்னமோ நேத்துப் பொறந்த அதிசயம்னு நெனச்சுக்கிட்டுத் திரியிறியே, அதான் எனக்குச் சிரிப்பு. 'கட்சி வேண்டாம், ஓட்டு வேண்டாம், விவரம் தெரிஞ்சவன் ஆளட்டும்'னு நீ கொடுத்த நோட்டீசைக் கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டு தரம் படிச்சேன். எழுத்துப்பிழை இல்லை. அதுவரைக்கும் பரவாயில்லை. ஆனா இதே சரக்கை உங்க தாத்தா டவுசர் போட்ட காலத்துலயே அமெரிக்காவுல கடை விரிச்சு, ஜே ஜேன்னு கூட்டம் சேர்த்து, இப்ப ஈ ஓட்டிக்கிட்டு இருக்காங்க.

நான் படிக்காதவன்தான். பொதுப்பணித்துறையில லஸ்கரா இருந்து, வாய்க்கா ஷட்டரைத் திருகியே தலை நரைச்சவன். ஆனா ரிட்டயர்டு ஆன கிழவனுக்கு நூலகத்துல ஃபேன் காத்தும் ஓசி, புஸ்தகமும் ஓசி. அதனால கேளு.

ஹோவர்ட் ஸ்காட்னு ஒரு ஆளு. நல்ல நெட்டை, பேச ஆரம்பிச்சா எதுத்தாப்புல இருக்கிறவன் காபி ஆறிப்போகும். நியூயார்க்ல கிரீனிச் வில்லேஜ்னு ஒரு பேட்டை, ஓவியனும் கவிஞனும் விடிய விடிய உலகத்தைத் திருத்துற இடம். அங்க உக்காந்துதான் 1919-ல 'டெக்னிக்கல் அலையன்ஸ்'னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாரு. ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியோட மின்சார மேதை ஸ்டைன்மெட்ஸ் பேரு அந்த லிஸ்ட்ல இருந்துச்சு. தோர்ஸ்டீன் வெப்ளன்னு பெரிய பொருளாதாரப் பண்டிதர் பேரும் இருந்துச்சு. அந்த வெப்ளன்தான் 1921-ல, என்ஜினீயருங்க ஒண்ணா வேலையை நிறுத்துனாங்கன்னா ஆலை முதலாளிங்க பாடு அதோ கதின்னு புஸ்தகம் போட்டாரு. போட்டுட்டு, அமெரிக்காவுல இப்போதைக்கு அப்படி எதுவும் நடந்துறாதுன்னும் அவரே எழுதிட்டாரு. விவரமான மனுசன். சங்கம் ரெண்டே வருஷத்துல படுத்துருச்சு.

அப்புறம் 1929-ல பங்குச்சந்தை குப்புற விழுந்துச்சா, ஸ்காட்டுக்கு நல்ல நேரம் பொறந்துருச்சு. 1933 வாக்குல அங்க நாலு பேர்ல ஒருத்தனுக்கு வேலை இல்லை. ஜனம் சூப்புக்கு வரிசையில நிக்குது. அந்த வருஷம் பன்னிக்கறி விலை ஏறணும்னு கவர்ன்மெண்டே காசு கொடுத்து 60 லட்சம் பன்னியை வாங்கிக் கொல்லுச்சு, மாப்ளே! விளைஞ்சு நின்ன பருத்தியை உழுது மண்ணுல போட்டாங்க. இதையெல்லாம் பார்த்துட்டு 'மெஷின் இருக்கு, மண்ணு இருக்கு, ஆளு இருக்கு, அப்புறம் எதுக்குடா பட்டினி? விலைங்கிற சமாச்சாரம்தானே குறுக்க நிக்குது?'ன்னு ஒருத்தன் கேட்டா, அவனைப் பைத்தியம்னு நான் சொல்லமாட்டேன். கேள்வி நியாயமான கேள்வி. பதில்லதான் கோளாறு.

1932-ல கொலம்பியா பல்கலைக்கழகத்துல ராட்டன்ஸ்ட்ராக்னு ஒரு பேராசிரியர், தொழில் பொறியியல் துறைக்குத் தலைவர், ஸ்காட்டைக் கூப்பிட்டு, ஒரு கமிட்டி போட்டு இடம் கொடுத்தாரு. வேலையில்லாம நின்ன ட்ராப்ட்ஸ்மேன்களை உக்கார வச்சு, அமெரிக்காவுல எந்தப் பொருளுக்கு எவ்வளவு எரிசக்தி செலவாகுது, எத்தனை ஆள் மிச்சமாகுதுன்னு கோடு கோடா வரைஞ்சாங்க. அவ்வளவுதான், பத்திரிகைக்காரன் புடிச்சுக்கிட்டான். அந்த வருஷக் கடைசியில அமெரிக்கா பூரா 'டெக்னோகிரசி'ங்கிற இதே பேச்சு. டீக்கடை பெஞ்சு அந்த ஊர்ல இல்லாததுனால சலூன்ல பேசியிருப்பாங்க.

புகழ் வந்தா பின்னாடியே நிருபரும் வருவான் இல்லையா? யாருப்பா இந்த ஸ்காட்டு, எந்தக் காலேஜ், எந்தக் கம்பெனின்னு தோண்டுனாங்க. பெரிய என்ஜினீயருன்னு சொல்லிக்கிட்டவருக்குக் காட்ட ஒரு டிகிரி இல்லை. அதுக்குப் பதிலா நியூஜெர்சியில தரைக்குப் பூசுற மெழுகு வியாபாரம் பண்ணுன கதைதான் அகப்பட்டுச்சு. மெழுகு விக்கிறது கேவலமில்லை மாப்ளே. நானும் கிரீஸ் பூசிப் பொழைச்சவன்தான். ஆனா 'தகுதி உள்ளவன் மட்டும்தான் ஆளணும்'னு ஊருக்கெல்லாம் சொல்றவன் தகுதியை யாரு பார்த்தா? கொலம்பியாவுல இடம் கொடுத்தவங்க முதல்லயே பார்த்ததாத் தெரியலை. தோண்டிக் கேட்டது யாரு? நீங்க நோட்டீஸ்ல 'கூச்சல்'னு எழுதியிருக்கீங்களே, அந்தப் பேப்பர்க்காரன்.

1933 ஜனவரி 13, 'பியர்'ங்கிற ஹோட்டல்ல பெரிய விருந்து. பேங்க்காரன், ஆலைக்காரன், பொருளாதாரப் புலி எல்லாம் உக்காந்திருக்காங்க. ரேடியோவுல நாடு பூரா நேரடி ஒலிபரப்பு. ஸ்காட்டு எந்திரிச்சுப் பேசுனாரு. சொதப்பிட்டாரு. பத்தே நாள்ல கொலம்பியா கமிட்டி கலைஞ்சு போச்சு. கலைஞ்சதும் கூட்டம் ரெண்டாப் பிரிஞ்சுது. ஸ்காட்டு 'டெக்னோகிரசி இன்கார்ப்பரேட்டட்'னு தனியாப் பலகை மாட்டுனாரு, ஹரோல்ட் லோப்னு ஒருத்தர் இன்னொரு கமிட்டியை இழுத்துக்கிட்டுப் போனாரு. அரசியலே வேண்டாம்னு வந்தவங்க, மூணாவது மாசம் கோஷ்டி! இதுல மட்டும் நம்மாளுங்களுக்கு அவங்க இளைச்சவங்க இல்லை.

இப்ப என் தொழிலுக்கு வர்றேன். எங்க ஏ.இ., அதான் உதவிப் பொறியாளர், கெட்டிக்காரரு. அணையில இவ்வளவு தண்ணி இருக்கு, இத்தனை நாளைக்கு இத்தனை கனஅடி விடலாம், வழியில இவ்வளவு மண்ணு குடிச்சுரும்னு காகிதத்துல போட்டாருன்னா பிசகாது. நான் அவர் சொன்ன அளவுக்கு ஷட்டரைத் தூக்குவேன். ஆனா தண்ணி பத்தாத வருஷம் வருமே, அப்ப தலைமடைக்காரன் நாத்து நட்டு நிக்கிறான், கடைமடைக்காரன் கதிரு வாடி நிக்கிறான். யாருக்கு முதல்ல? இதுக்கு ஏ.இ. கிட்டப் பதில் கிடையாது, அவர் படிச்ச புஸ்தகத்துலயும் கிடையாது. மதகு மேல நின்னு ரெண்டு ஊரும் கத்தும், ஒருத்தன் மண்ணை வாரித் தூத்துவான், அப்புறம் வேப்ப மரத்தடியில உக்காந்து முறை வச்சுக்குவாங்க: மூணு நாள் உனக்கு, மூணு நாள் எனக்கு. அசிங்கமாத்தான் இருக்கும். ஆனா முடிவு தப்பாப் போச்சுன்னா அடுத்த வாரமே அதே மரத்தடியில மாத்திக்கலாம். ஏ.இ. தனியா முடிவு பண்ணுனாருன்னா, அவரை எந்த மரத்தடியிலப்பா கூப்பிட்டு வச்சுக் கேட்கிறது?

ஸ்காட்டு கூட்டம் அந்த மரத்தையே வெட்டிறலாம்னு பார்த்துச்சு. பணமே வேண்டாம், எரிசக்திச் சான்றுன்னு ஒண்ணு கொடுப்போம்னாங்க. வட அமெரிக்கக் கண்டம் பூரா உற்பத்தியாகிற சக்தியை அளந்து, வயசு வந்த எல்லாருக்கும் சரிசமமாப் பங்கு. கேட்க இனிக்குதா? அதைச் சேர்த்து வைக்க முடியாது, காலம் முடிஞ்சா செல்லாது. அடுத்தவனுக்குக் கொடுக்கவும் முடியாது, உன் பேர்ல இருக்கும். நாளைக்கு உன் தங்கச்சி பிரசவத்துக்கு நீ ஒதுக்கி வைக்க முடியாதுன்னு அர்த்தம். நீ என்ன வாங்குனே, எங்க வாங்குனேங்கிறது சான்றுலயே பதிஞ்சு, கணக்கு தலைமைக்குப் போயிரும். வீட்ல அத்தைக்குத் தெரியாம நான் பஜ்ஜி தின்னாக்கூட ஒரு கண்டமே தெரிஞ்சுக்கும். இது எதுக்குடா சாமி? அதுவும்போக, மூட்டை தூக்குறவன் சக்தியை அளந்துருவே. புள்ளைக்கு 'அ' எழுதக் கத்துக் கொடுக்கிற டீச்சரம்மாவுக்கு எத்தனை கலோரி போடுவே? எழவு வீட்ல ஒப்பாரி வைக்கிறவளுக்கு?

வேலை விஷயத்துல மட்டும் எனக்கும் எச்சில் ஊறுச்சு, மறைக்க மாட்டேன். 25 வயசுல ஆரம்பிச்சு 45 வயசுல முடிச்சுக்கலாம். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், வாரத்துக்கு நாலு நாள். இந்தக் கணக்குல நான் ரிட்டயர்டு ஆகி ரொம்ப வருஷம் ஆகியிருக்கணும்.

ஆளுறது யாரு? பனாமாவுல ஆரம்பிச்சு வட துருவம் வரைக்கும் ஒரே நாடு, அதுக்குப் பேரு 'டெக்னேட்'. ஒவ்வொரு தொழிலும் ஒரு துறை. கீழ இருக்கிறவங்க ஆளுங்க பேரைச் சொல்லணும், மேல இருக்கிறவங்க அதுல ஒருத்தரைப் பொறுக்குவாங்க. துறைத்தலைவருங்க எல்லாம் உக்காந்து தங்களுக்குள்ள ஒரு டைரக்டரைத் தேர்ந்தெடுப்பாங்க. அவரை இறக்கணும்னாலும் அதே ஆளுங்கள்ல மூணுல ரெண்டு பங்கு கை தூக்கணும். நீயும் நானும் இதுல எங்கயும் இல்லை. அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா ஒருத்தனை வீட்டுக்கு அனுப்பி வைக்கிற ஒரே சந்தோஷமும் போச்சு.

இதுல வேடிக்கை, இயக்கத்துல அரசியல்வாதிக்கு இடமில்லைன்னு விதி. சரிதான்னு பார்த்தா, கொஞ்ச வருஷத்துல எல்லாரும் சாம்பல் நிறக் கோட்டு சூட்டு மாட்டிக்கிட்டாங்க. காருக்கும் சாம்பல் சாயம். ஒருத்தரை ஒருத்தர் பார்த்தா சல்யூட். வட்டத்துக்குள்ள வளைஞ்ச கோடு போட்டு ஒரு சின்னம். தலைவர் பேரு 'சீஃப் என்ஜினீயர்'. கலிபோர்னியாவுல ஒரு கூட்டத்துல பேச வந்தவரை 1x1809x56-ன்னுதான் அறிமுகப்படுத்துனாங்களாம்; பேரே இல்லை, நம்பர்! நம்ம ஊர்லகூட வட்டச் செயலாளருக்குப் பேரு உண்டு, மாப்ளே. போஸ்டர்ல கொஞ்சம் பெருசாவே உண்டு.

கனடாவுல 1940-ல, யுத்த நேரம், இந்த இயக்கத்தைத் தடையே பண்ணிட்டாங்க, 1943-லதான் எடுத்தாங்க. சட்டையையும் சல்யூட்டையும் பார்த்துப் பயந்துட்டாங்க போல. பெரிய ஆபத்து ஒண்ணும் இல்லை, அது அதிகப்படிதான்னு எனக்குத் தோணுது. அந்தத் தடையில மாட்டுனவங்கள்ல ஒருத்தர் ரெஜைனா ஊர்ல முதுகெலும்பு நீவி விடுற வைத்தியர், ஜோஷுவா ஹால்டெமன்னு பேரு. பின்னாடி தென்னாப்பிரிக்காவுக்குக் குடிபோயிட்டாரு. அவரோட மக வயித்துப் பேரன்தான் எலான் மஸ்க். பேரனைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை. உன் போன்ல அவர் படம் இருக்கிறதைப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்.

யுத்தம் முடிஞ்சு 1947-ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருந்து வான்கூவர் வரைக்கும் நூத்துக்கணக்குல சாம்பல் கார் ஊர்வலமாப் போச்சு. கூட்டம் களைகட்டுன கடைசிக் காட்சி அதுதான். விலைங்கிற ஏற்பாடு இதோ விழுது, அதோ விழுதுன்னு சொல்லிச் சொல்லியே ஸ்காட்டு 1970 புத்தாண்டு அன்னைக்குக் கண்ணை மூடிட்டாரு. விலை அன்னைக்கும் ஏறிக்கிட்டுத்தான் இருந்துச்சு.

எல்லாரும் வெத்து வேட்டுன்னு நெனச்சுறாதே. கிங் ஹப்பர்ட்னு ஒருத்தர் அதுல இருந்தாரு, இயக்கத்தோட பாடப் புஸ்தகம் அவர் எழுதுனதுதான். கணக்குல புலி. 1956-ல, அமெரிக்காவுல எண்ணெய் எடுக்கிறது 1965-க்கும் 1970-க்கும் நடுவுல உச்சத்துக்குப் போய் அப்புறம் இறங்கும்னு சொன்னாரு. சிரிச்சாங்க. 1970-ல உச்சம் தொட்டு இறங்கிருச்சு! அப்பேர்ப்பட்ட கணக்கையும் பின்னாடி பாறையை உடைச்சு எண்ணெய் எடுக்கிற வித்தை வந்து புரட்டிப் போட்டுச்சு. 2018-ல பழைய உச்சத்தைத் தாண்டிட்டாங்க. அவர் மேல தப்பு சொல்லலை. நாளைக்கு என்ன வித்தை வரும்னு புலிக்கும் தெரியாது. அதனால கணக்குப் போடுறவர் போடட்டும், நல்லாச் சம்பளமும் கொடுப்போம். கணக்கு தப்புனா எந்திரிக்கச் சொல்ற உரிமையை மட்டும் நான் எவனுக்கும் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்குப் போறதுன்னா தாராளமாப் போ, தடுக்கலை. சந்தா கேட்டா அம்பது ரூபாய்க்கு மேல கொடுக்காதே. உங்க தலைவர் பேசி முடிச்சதும் மெதுவா எந்திரிச்சு, 'அண்ணே, நீங்க எங்க படிச்சீங்க, பேப்பரைக் கொஞ்சம் காட்டுங்க'ன்னு கேளு. கோவிச்சுக்கிட்டாருன்னா டீயைக் குடிச்சுட்டு வந்துரு. காட்டிட்டாருன்னா எனக்கு ஒரு போன் போடு, கடைமடைக் கேள்வியை நான் கேட்டுக்கிறேன்.